மருத்துவ ஆய்வுக்கு கூப்பிடுறாங்களா? கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

குழந்தை பிறந்ததும் போடுற பி.சி.ஜி. தடுப்பூசி, பெரியவங்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுக்குமா? இந்தக் கேள்விக்கு பதில் சொன்னது நம்ம திருவள்ளூர் மக்கள்தான்.

1968-ல், அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த திருவள்ளூர் சுற்றுவட்டாரத்தில் ஐ.சி.எம்.ஆர். இந்த ஆய்வைத் தொடங்கியது. சுமார் 2.8 லட்சம் பேருக்கு ஊசி போடப்பட்டது. சிலருக்கு பி.சி.ஜி., சிலருக்கு மருந்தே இல்லாத 'பிளாசிபோ' ஊசி. யாருக்கு எது என்பது குலுக்கல் மாதிரிதான். அதன்பின் 15 ஆண்டுகள் எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை என்று மக்களைத் தொடர்ந்து கண்காணித்தார்கள்.

முடிவு பலருக்கும் அதிர்ச்சி. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை! குழந்தைகளுக்கு வரும் மூளைக் காசநோய் போன்ற கடுமையான வகைகளில் இருந்து பாதுகாப்பு தருவதால்தான் இன்றும் அந்த ஊசி போடப்படுகிறது.

இதில் ஒரு விஷயத்தை கவனிச்சீங்களா? சிகிச்சை வேறு, ஆய்வு வேறு. சிகிச்சையில் டாக்டர் உங்களுக்கு எது நல்லதோ அதைத் தருவார். ஆய்வில் உங்களுக்கு புது மருந்து கிடைக்கலாம், பழைய மருந்து கிடைக்கலாம், பிளாசிபோவும் கிடைக்கலாம். "ஃப்ரீயா வைத்தியம் பார்க்குறாங்க" என்று நினைத்து கையெழுத்து போட்டுவிடக் கூடாது.

இப்போது 2019-ம் ஆண்டு புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள் இருக்கின்றன. ஆய்வு எதற்கு, என்ன ஆபத்து, எத்தனை நாள் என்பதை உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வுக்குழுவைச் சேராத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும். தகவல் தாள், ஒப்புதல் படிவம் இரண்டிலும் ஒரு நகல் உங்களுக்கு. கேட்டு வாங்குங்க. வீட்டுக்கு எடுத்துப்போய் யோசிச்சு சொல்றேன்னு சொல்லலாம், தப்பே இல்லை.

பாதியில் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. விலகியதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது. ஆய்வில் இருக்கும்போது உடல்நலம் பாதித்தால் இலவச சிகிச்சை தர வேண்டும். ஆய்வுதான் காரணம் என்று உறுதியானால் இழப்பீடும் உண்டு.

மருந்துப் பரிசோதனைகளை சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் பதிவு செய்வது 2009 ஜூன் முதல் கட்டாயம். பதிவு எண்ணைக் கேட்டு, மொபைலிலேயே தேடிப் பார்க்கலாம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற இடங்களில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பெனி வாசலில் முகாம் நடந்தாலும், உங்களுக்காக சூப்பர்வைசரோ கான்ட்ராக்டரோ சம்மதம் சொல்ல முடியாது. "எல்லாரும் போட்டுட்டாங்க, நீயும் போடு" என்பதெல்லாம் சம்மதம் ஆகாது. உங்க ரூமில் ஒடிசா, பீகார் தம்பிகள் இருந்தால் அவங்களுக்கும் சொல்லுங்க: தமிழ் படிவத்தில் கைநாட்டு வேண்டாம், அவங்க மொழியில் கேட்கட்டும்.