குடும்பத்தின் மருந்துச்சாலை, ஊரின் அறச்சாலை

அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த ஓசூர், மத்திகிரிப் பகுதியும், மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த கோட்டக்கல்லும் ஒரு காலத்தில் சென்னை மாகாணம் என்னும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தவை. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கோட்டக்கல் கேரளத்தின் பகுதியாயிற்று. எனினும் அவ்வூரின் மருந்து, எல்லைகளைக் கடந்து தமிழகமெங்கும் வழங்கி வருகிறது. அம்மருந்தைத் தந்த ஆரிய வைத்திய சாலையின் வரலாறு, ஒரு குடும்பத் தொழில் பொது அறமாக மலர்ந்த வரலாறாகும்.

அதனை 1902இல் நிறுவியவர் பி.எஸ். வாரியர் (1869–1944). குட்டஞ்சேரி வாசுதேவன் மூஸிடம் ஆயுர்வேதம் பயின்ற அவர், தம் கண்ணோய்க்காக மஞ்சேரியில் மருத்துவர் வர்கீஸை நாடினார். அவரிடமே மேலைமருத்துவமும் கற்றார். இவ்விரு பயிற்சியும் அவர் நோக்கை விரிவாக்கின எனலாம்.

அந்நாளில் வைத்தியர் மருந்தின் பெயரை எழுதித் தருவார். வேரும் பட்டையும் தேடி, இடித்து, காய்ச்சி எடுக்கும் பொறுப்பு நோயாளியின் வீட்டாரைச் சார்ந்தது. காய்ச்சிய கஷாயமோ விரைவில் கெட்டுவிடும். வாரியர் அதனைக் கெடாது காக்கும் முறை கண்டு, புட்டிகளில் அடைத்து விற்றார். நோயாளி வைத்தியரைத் தேடிச் சென்ற நிலை மாறி, மருந்து நோயாளியைத் தேடிச் செல்லலாயிற்று. 1916இல் கோழிக்கோட்டில் கிளை தோன்றியது. பின்னர்ப் பிற நகரங்களிலும் கிளைகள் பரவின.

இலக்கிய அன்பர்கள் சிறப்பாக நோக்கத்தக்கது மற்றொன்று. மருந்தால் வந்த பொருள் மருந்தோடு நின்றுவிடவில்லை. 1903இல் ‘தன்வந்தரி’ என்னும் மலையாள மருத்துவ இதழ் தொடங்கியது. 1917இல் கோழிக்கோட்டில் ஆயுர்வேதப் பாடசாலை எழுந்தது. 1924இல் கோட்டக்கல்லில் ஏழையர்க்கான தரும மருத்துவமனை பிறந்தது. நாடகத்தில் ஈடுபாடு கொண்டு குழு நடத்திய வாரியர், 1939இல் கதகளிக்கென நாட்டியச் சங்கம் அமைத்தார். உடற்பிணி தீர்த்த கூலி, உள்ளம் தளிர்க்க உரமாயிற்று.

குடும்ப வணிகங்கள் பல, நிறுவியவர் மறைந்ததும் பாகப்பிரிவினையால் சிதறுவதுண்டு. வாரியர் இதனை முன்னுணர்ந்தார் போலும். தம் மறைவுக்குப் பின் நிறுவனம் அறக்கட்டளையாக நடைபெற உயில் எழுதினார். தாய்வழி மரபுடைய அக்குடும்பத்தில் மருமகன் முறையினரான பி. மாதவ வாரியர் 1944இல் பொறுப்பேற்றார். 1953இல் விமான விபத்தில் அவர் உயிரிழந்தார். நிறுவனம் நிலைகுலையவில்லை, தம்பி பி.கே. வாரியர் தலைமை ஏற்றார். 2021இல், நூறாண்டு நிறைந்த அடுத்த மாதம் மறையும்வரை, அறுபத்தெட்டு ஆண்டுகள் அவரே அதனை வழிநடத்தினார். அவர் துணைவியார் மாதவிக்குட்டி மலையாளக் கவிஞர். பி.கே. வாரியரின் தன்வரலாறான ‘ஸ்மிருதிபர்வம்’ கேரள சாகித்திய அக்காதெமியின் பரிசு பெற்ற நூல்.

மருந்தின் செய்முறையைக் காத்தது நிறுவியவரின் அறிவு; மருந்துச்சாலையைக் காத்தது அவருடைய துறவு. ‘என்னுடையது’ என்று பற்றிக்கொண்டிருந்தால் அது மக்களுக்கு மட்டுமே எஞ்சியிருக்கும். மக்களுக்குப் பின்னர் எவர்க்கும் எஞ்சியிராது. உரிமையைக் கைவிட்டதனால் பெயர் நிலைத்தது. கடையாயினும் கழகமாயினும், தோற்றுவித்தவர் இல்லாத நாளை எண்ணி அமைக்கப்படுவதே நெடிது வாழும் என்பதற்குக் கோட்டக்கல் தக்க சான்றாகும்.