வடிவான

ஈழத் தமிழில் 'அழகான' என்று பொருள்படும் அன்றாடப் பெயரடை. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், யாழ்ப்பாணத்திலும் வழங்குகிறது. சாறி வடிவானது, பிள்ளை வடிவானது, புதிதாகச் சாந்து பூசிய வீடும் வடிவானது. 'அழகான' என்பது மேடைக்கும் எழுத்துக்கும் உரியதாகவே காதில் விழும்.

இதன் வினையடை 'வடிவா' இன்னும் தூரம் போகிறது. 'தோணிய வடிவாக் கட்டு' என்றால் கயிறு அவிழாதபடி இறுகக் கட்டு. 'மறுகா வடிவாக் கதைப்பம்' என்றால் பிறகு ஆறுதலாக, விவரமாகப் பேசுவோம். அழகுக்கு அங்கே வேலையே இல்லை. ('மறுகா' மட்டக்களப்பாரைக் காட்டிக்கொடுக்கும் சொல்.) தமிழகத்திலிருந்து வருபவர் தடுமாறுவது இங்கேதான்.

'வடிவு' உருவத்தையும் அழகையும் சேர்த்தே குறிக்கும் பழஞ்சொல். வேல் வடித்தல், சிலை வடித்தல் என்பவற்றில் வரும் 'வடி'யோடு உறவுடையது. தமிழகப் பேச்சில் உருவப் பொருளே மிஞ்சியது. அழகுப் பொருள் பெயர்களில் தங்கிவிட்டது: திருவொற்றியூர் வடிவுடையம்மன், நெல்லைப் பக்கத்து வடிவு. இலத்தீனிலும் இதே கதை: உருவத்தைக் குறிக்கும் 'ஃபோர்மா'விலிருந்து அழகைக் குறிக்கும் 'ஃபோர்மோசுஸ்' பிறந்தது. தைவானின் பழைய பெயரான ஃபோர்மோசா அதன் போர்த்துக்கேய வழி.

'அழகான' என்பதை எழுத்துக்கு விட்டுவிட்ட இதே மட்டக்களப்புத் தமிழ்தான், பேச்சுவழக்குகளில் எழுத்துத் தமிழுக்கு மிக நெருங்கியது என்று செக் அறிஞர் கமில் சுவெலபில் 1966இல் எழுதினார்.