தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டம், 1997

தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டம், 1997 என்பது தமிழ்நாட்டில் உள்ள மருத்துவமனைகள், கிளினிக்குகள் முதலியவற்றைப் பதிவு செய்யவும் ஆய்வு செய்யவும் வழிவகுக்கும் மாநிலச் சட்டம் ஆகும்.

வரலாறு

இச்சட்டம் 1997 ஆம் ஆண்டு இயற்றப்பட்டபோது தனியார் நிறுவனங்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. செயற்படுத்தத் தேவையான விதிகள் நெடுங்காலம் வகுக்கப்படாததால், இது ஏட்டளவிலேயே நின்றது. 2018 இல் சட்டம் திருத்தப்பட்டு அரசு மருத்துவமனைகளும் இதன் வரம்பிற்குள் கொண்டுவரப்பட்டன. அதே ஆண்டில் விதிகளும் வெளியாயின. 2010 ஆம் ஆண்டின் நடுவண் சட்டத்தைத் தமிழ்நாடு ஏற்கவில்லை.

ஆய்வு

மாவட்ட அளவில் மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் இதற்குப் பொறுப்பாவார். சங்கரன்கோவில் போன்ற ஊர்களில் ஒரே மருத்துவர் நடத்தும் கிளினிக்கும் பதிவு பெற வேண்டும். இவ்வூர் 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்ட தென்காசி மாவட்டத்தில் உள்ளது. மருத்துவரின் தகுதி, இடவசதி, தூய்மை, பதிவேடுகள் ஆகியன ஆய்வில் கவனிக்கப்படும்.

மருத்துவக் கழிவுகளுக்குத் தனி விதிகள் (2016) உள்ளன. இவற்றின்படி ஊசி போன்ற கூரிய கழிவுகளைத் துளைபடாத வெள்ளைக் கொள்கலனில் இட வேண்டும். பொதுவாக, சுத்திகரிக்கப்படாத கழிவை 48 மணி நேரத்திற்கு மேல் வைத்திருத்தல் கூடாது. பயன்படுத்திய ஊசியை மீண்டும் பயன்படுத்தினால் எச்.ஐ.வி, கல்லீரல் அழற்சி பி, சி ஆகியன பரவக்கூடும்.

பிற நாடுகளில்

இங்கிலாந்தில் 2009 இல் தொடங்கப்பட்ட பராமரிப்புத் தர ஆணையம் குடும்ப மருத்துவர்களின் நிலையங்களை ஆய்வு செய்து நான்கு தரநிலைகளுள் ஒன்றை வழங்குகிறது. நோயாளிகள் காணும்படி அதனை நிலையத்தில் வைக்க வேண்டும். தமிழ்நாட்டுச் சட்டத்தில் பதிவு மட்டுமே உண்டு, தரநிலை வழங்கப்படுவதில்லை.