சங்கிலி என்னும் பாத்திரம்: யாழ்ப்பாண வைபவமாலையின் குணமுரண் பற்றிய ஒரு நோக்கு

யாழ்ப்பாண இராச்சியத்தின் கதையைப் பயில்வோருக்குச் சங்கிலி மன்னன் ஒரு புதிராகவே காட்சியளிக்கின்றான். மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலையில் அவன் அரசனின் காமக்கிழத்தி வயிற்றிற் பிறந்தவன். முறையான வாரிசைக் கொன்று அரசைக் கவர்ந்தவன். மன்னாரிலே மதம் மாறிய மக்களை வாளுக்கிரையாக்கியவன். அதே நூலின் இறுதிக் கட்டத்திலோ, பறங்கியரை எதிர்த்து நிற்பவனாகவும் காக்கை வன்னியனின் வஞ்சகத்தால் அகப்படுபவனாகவும் அவனையே காண்கின்றோம். முன்னர் வெறுப்புக்குரியவனாகக் காட்டப்பட்டவன் பின்னர் இரக்கத்துக்குரியவனாகின்றான். இவ்விரு நிலைகளையும் இணைக்கும் மனமாற்றம் எதுவும் சித்திரிக்கப்படவில்லை. இக்குணமுரண் எவ்வாறு தோன்றியது என்பதே ஈண்டு எமது வினாவாகும்.

இதற்கு வழமையாகக் கூறப்படும் விடை ஒன்றுண்டு. சங்கிலி என்னும் பெயருடன் ஆண்டவர் இருவர். முதலாமவன் 1519 முதல் 1561 வரை அரசாண்டவன். 1544 இல் மன்னார்ப் படுகொலையை நிகழ்த்தியவனும், 1560 இல் போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனோ த பிரகன்சாவின் படையெடுப்புக்கு முகங்கொடுத்தவனும் இவனே. இரண்டாமவனான சங்கிலி குமாரன், 1617 இல் எதிர்மன்னசிங்கம் இறந்தபின், வாரிசு குழந்தையாக இருந்தமையால் ஏற்பட்ட குழப்பத்தில் அதிகாரத்தைக் கைப்பற்றினான். 1619 இல் பிலிப் த ஒலிவேராவினாற் பிடிக்கப்பட்டு, கோவைக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கு கொல்லப்பட்டான். ஏறத்தாழ அறுபது ஆண்டு இடைவெளியுள்ள இவ்விருவரையும் வைபவமாலை ஒருவராக்கிவிட்டது. முதலியார் இராசநாயகம் 1926 இலும், சுவாமி ஞானப்பிரகாசர் 1928 இலும் வெளியிட்ட ஆய்வுகள் உள்ளூர் நூல்களைப் போர்த்துக்கேயச் சான்றுகளோடு ஒப்பு நோக்கிக் காலமுறையைத் தெளிவுபடுத்தின.

இவ்விளக்கம் பிழையன்று, ஆயின் போதியதுமன்று. வைபவமாலை எழுந்த காலம் 1736 அளவு என்பர். இராச்சியம் வீழ்ந்து அப்போது 120 ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. குடும்பங்களின் மூதாதையர் பெயரையும் அவர்கள் குடியேறிய ஊர்களையும் கவனமாக நிரைப்படுத்தும் ஒரு நூல், கடைசி அரசன் யார் என்பதில் மட்டும் தடுமாறியதை வெறும் மறதியென்று கொள்வதற்கில்லை. மறதி இருந்ததெனினும், அது எவ்வாறு நிரப்பப்பட்டது என்ற வினா எஞ்சுகின்றது. இரு மன்னரையும் இணைத்தபோது கிடைத்த அந்த முரண்பட்ட பாத்திரம் யாருக்குப் பயன்பட்டது?

இதற்கு நூல் எழுந்த சூழலை நோக்குதல் வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தத் தேசாதிபதியாக இருந்த மேக்கறூன் என்பாரின் வேண்டுகோட்கிணங்க இந்நூல் எழுதப்பட்டது. 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், உள்ளூர் நிலவுடைமையாளரின் துணையுடனேயே வரி திரட்டினர். 1707 இல் தேசவழமை தொகுக்கப்பட்டபோது அதனைப் பரிசீலித்து ஒப்புதல் அளித்தோர் பன்னிரு முதலிமார். நிலம், சீதனம் என்பவற்றோடு அடிமைகள் மீதான உரிமையும் அச்சட்டத்தில் இடம்பெற்றது. சீர்திருத்தக் கிறித்தவத்தை வெளித்தோற்றத்துக்கேனும் ஏற்றோருக்கே பதவிகள் கிடைத்தன. வைபவமாலையின் உலக நோக்கு இந்த மேலோர் குழாத்தின் நோக்கேயாகும்.

இவ்வர்க்கத்தின் நிலையில் ஓர் அடிப்படை முரண்பாடு இருந்தது. தன் காணியுரிமைக்கும் குலப்பெருமைக்கும் அது நல்லூர் அரசைச் சான்றாகக் காட்டவேண்டியிருந்தது. ஆகவே அவ்வரசு புகழுக்குரியதாக இருத்தல் அவசியம். அதேவேளை, அவ்வரசை வீழ்த்தியோரிடமும் அவர்களின் பின் வந்தோரிடமும் அது பதவி பெற்று வாழ்ந்தது. ஆகவே அவ்வரசின் முடிவு நியாயமானதாகவும் இருத்தல் வேண்டும். சங்கிலி என்னும் பாத்திரம் இவ்விரு தேவைகளையும் ஒருங்கே நிறைவேற்றுகின்றது. அவன் முறைகேடாக அரசேறியவன் என்றால், அவனைக் கைவிட்டவர் அறம் பிழைத்தவரல்லர். அவன் வீரத்தோடு எதிர்த்தவன் என்றால், தோல்வி நாட்டுக்கு இழுக்கன்று. துரோகத்தின் பழி முழுவதும் காக்கை வன்னியன் என்ற தனியொருவன் தலையிற் சுமத்தப்படுகின்றது. இவற்றுக்கெல்லாம் மேலாக, அரசு பறங்கியர் கைப்படும் என்று சுபதிட்ட முனிவர் முன்கூட்டியே உரைத்ததாக ஒரு கதையும் இணைக்கப்பட்டுள்ளது. விதியே காரணமென்றானபின் வரலாற்றில் எவரும் பொறுப்பாளியாக வேண்டியதில்லை.

எனவே, நிகழ்ச்சிகள் குணத்திலிருந்து பிறப்பதற்கு மாறாக, நிகழ்ச்சிகளின் தேவைக்கேற்பக் குணம் மாற்றப்படுகின்றது. இன்றைய கணினிச் சண்டை விளையாட்டுகளின் கதைப்பகுதியிலும் இதனையொத்த இயல்பைக் காணலாம். யார் யாருடன் மோதவேண்டும் என்பது முதலில் முடிவாகின்றது. அதற்கு இயையவே, சென்ற கட்டத்து நண்பன் இக்கட்டத்திற் பகைவனாகின்றான். அங்கு பாத்திரத்தைத் திரிப்பது சந்தையின் தேவை. வைபவமாலையிலோ ஒரு வர்க்கத்தின் தேவை.

மன்னார்ப் படுகொலையை எடுத்துக்கொண்டால் இது மேலும் தெளிவாகும். இறந்தோர் தொகை ஏறத்தாழ 600 என மரபு கூறும். வைபவமாலையில் இது ஒரு கொடுங்கோலனின் செயல். கத்தோலிக்க மரபிலே வேதசாட்சிகளின் மரணம். இரு மரபுகளும் மன்னனின் தனிப்பட்ட குணத்தையும் மத உணர்வையுமே முதன்மைப்படுத்துகின்றன. நாம் பொருளியல் அடித்தளத்தையும் நோக்கவேண்டும். முத்துக்குளிப்பும் யானை ஏற்றுமதியும் நல்லூர் அரசின் முக்கிய வருவாய்கள். 1530களில் எதிர்க்கரையின் பரதவர் கூட்டாக மதம் மாறிப் போர்த்துக்கேயரின் பாதுகாப்பின் கீழ்ச் சென்றிருந்தனர். மதம் மாறுவோர் குடிமை மாறுவர் என்பதையும், குடிமை மாறின் முத்துக்கடலின் வருவாயும் கைமாறும் என்பதையும் நல்லூர் அரசு அவ்வனுபவத்தில் அறிந்திருத்தல் வேண்டும். இவ்வாறு விளக்குவது கொலையை நியாயப்படுத்துவதாகாது. வருவாய்க்கான போட்டியில் இரு அதிகாரங்களுக்கிடையே சிக்கி மடிந்தவர்கள் கரையோரத்து எளிய மக்கள் என்பதை அது புலப்படுத்துகின்றது.

மத விளக்கம் போதாது என்பதற்கு 1619 இன் பின்னான நிகழ்வுகளும் சான்றாகும். போர்த்துக்கேயருக்கெதிராக 1620 இல் எழுந்த கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய மிகப்பிள்ளை ஆராச்சி ஒரு கிறித்தவர். தஞ்சை நாயக்கரின் படையுதவியும் அவருக்குக் கிடைத்தது. ஆயினும் பொதுமக்களின் நினைவில் காக்கை வன்னியனுக்குள்ள இடம் மிகப்பிள்ளை ஆராச்சிக்கு இல்லை. அரசன் பிடிபட்டபின்னும் போராட்டம் நீடித்தது என்ற செய்தி, ஒரு துரோகியால் எல்லாம் முடிந்தது என்ற கதைக்குப் பொருந்துவதாயில்லை.

நமது நூற்றாண்டுக்கு அண்மையில் சங்கிலி மீண்டும் உருமாறினான். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் 'சங்கிலி' நாடகம் 1956 இல் வெளிவந்தது. தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய ஆண்டும் அதுவே. மொழியுரிமை பறிக்கப்பட்ட ஒரு மக்களுக்கு இழந்த அரசின் நினைவு ஆறுதலாகவும் உறுதியாகவும் அமைந்தமை இயல்பே. ஒடுக்குமுறைக்கு எதிரான அவ்வுணர்வின் முற்போக்கான கூற்றினை நாம் மறுப்பதற்கில்லை. நல்லூர் முத்திரைச் சந்தியில் 2011 இல் புதிதாக நிறுவப்பட்ட சிலையிலும் அவன் குதிரைமீது வாளேந்திய வீரனாகவே நிற்கின்றான். வைபவமாலை விட்டுச்சென்ற முரண்பட்ட பாத்திரத்தின் ஒரு பாதி இவ்வாறு நிலைநாட்டப்பட்டது. மறுபாதி பேசப்படாது ஒதுக்கப்பட்டது.

இவ்வொதுக்கலின் விளைவு சிறிதன்று. அரசனைக் களங்கமற்ற நாயகனாக்கும்போது, மன்னாரில் மடிந்தவர்கள் தமிழரின் வரலாற்றிலிருந்து வெளியே தள்ளப்படுகின்றனர். அவர்களும் தமிழ் பேசிய மக்களே. அவ்வாறே, நல்லூர் அரசின் வயல்களில் உழைத்தவர்களும், பனையேறியவர்களும், தேசவழமையில் உடைமைகளாக எண்ணப்பட்டவர்களும் எந்தச் சங்கிலியின் கதையிலும் பாத்திரங்களாக இடம்பெறவில்லை. கொடுங்கோலனா வீரனா என்ற விவாதம் எவ்வளவு நீண்டாலும், அது அரண்மனை வாயிலைத் தாண்டி வருவதில்லை.

ஆதலால், சங்கிலியின் இரு முகங்களுள் ஒன்றைத் தெரிந்துகொள்வது ஆய்வாளரின் பணியன்று. அம்முரண்பாட்டை மழுங்கச் செய்யாது, அதனை உண்டாக்கிய சமூக உறவுகளுக்குச் சான்றாகப் பயன்படுத்துதலே தக்கது. வைபவமாலையை நம்பத்தகாத நூலென்று தள்ளிவிடுவதால் நாம் இழப்பதே அதிகம். 1619 பற்றி அது தரும் செய்திகள் ஐயத்துக்குரியனவாயினும், 1736 இல் யாழ்ப்பாணத்து மேலோர் தம்மைப் பற்றி எதனை நம்ப விரும்பினர் என்பதற்கு அதனினும் சிறந்த சான்று அரிது. தேசவழமை, ஒல்லாந்தரின் நிருவாகப் பதிவுகள், ஊர்ப்பெயர்கள், கரையோரச் சமூகங்களின் வாய்மொழி வழக்குகள் ஆகியவற்றோடு அதனை இணைத்துப் பயிலும்போதே, அரசர் பெயரால் அழைக்கப்படும் அக்காலப்பகுதி மக்களின் வரலாறாக எழுதப்படக்கூடும்.