உணவறையின் உச்சியில் தொங்கியது எது? சரவிளக்கும் பங்காவும்

பழைய பங்களாக்களையும் ஜமீன் மாளிகைகளையும் சீரமைத்து விடுதிகளாக்குவோர் உணவறைக்கு வந்ததும் செய்யும் முதல் வேலைகளுள் ஒன்று, நீண்ட மேசைக்கு நேர் மேலே ஒரு சரவிளக்கைத் தொங்கவிடுவது. தேக்கு மேசை, உயர்ந்த முதுகுடைய நாற்காலிகள், வெள்ளித் தட்டுகள், இவற்றுக்கெல்லாம் மேலே மின்னும் கண்ணாடிக் கொத்து. ‘பாரம்பரிய உணவறை’ என்ற சொல்லைக் கேட்டதும் மனத்தில் எழும் படம் இதுவே. சிக்கல் என்னவென்றால், பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தியாவின் பெரும்பாலான மேசை உணவறைகளில் அந்த இடத்தில் தொங்கியது வேறொரு பொருள்: பங்கா. எந்தச் சரவிளக்கைத் தேர்வது என்ற வினாவுக்கு முன்பாக, சரவிளக்குக்கு அங்கே இடம் இருந்ததா என்ற வினாவை எழுப்பினால், காற்றின் வரலாறும் உழைப்பின் வரலாறும் சேர்ந்தே வெளிப்படுகின்றன.

முதலில் ‘உணவறை’ என்பதையே சற்று விலக்கிப் பார்க்க வேண்டும். துணைக்கண்டத்தின் பெரும்பாலான வீடுகளில் உண்பதற்கென்றே ஒதுக்கிய அறை இருந்ததில்லை. கூடத்திலோ தாழ்வாரத்திலோ அடுக்களையை ஒட்டிய இடத்திலோ தரையில் அமர்ந்து உண்டனர். இலையோ தட்டோ எடுக்கப்பட்டதும் அந்த இடம் வேறு பயனுக்குத் திரும்பிவிடும். தரையில் அமர்ந்திருப்பவருக்கு வெளிச்சமும் தாழ்வாகவே தேவைப்பட்டது. குத்துவிளக்கோ மாடவிளக்கோ போதுமானது. நடுவில் நிலையாக நிற்கும் மேசை வந்த பிறகே, அதற்கு நேர் மேலே கூரையில் ஒரு புள்ளி முக்கியத்துவம் பெற்றது. கும்பினி அதிகாரிகளின் பங்களாக்களிலும், அவர்களை விருந்துக்கு அழைத்த சுதேச மன்னர்கள், நிலக்கிழார்கள், வணிகர்கள் ஆகியோரின் மாளிகைகளிலும் இது நிகழ்ந்தது.

அந்த மேசைக்கு மேலே ஐரோப்பாவில் தொங்கிய பொருள் எப்படி உருவானது என்பதையும் சுருக்கமாகப் பார்க்கலாம். 1670களில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் இங்கிலாந்தில் ஈயம் கலந்த கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார். ஈயம் சேர்ந்த கண்ணாடி ஒளியை மிகுதியாக வளைக்கும். பட்டை தீட்டவும் எளிது. மெழுகுவத்திகளின் மெலிந்த ஒளியை நூற்றுக்கணக்கான முகங்களில் சிதறடித்துப் பெருக்கிக் காட்டும் உத்தி இதிலிருந்தே வளர்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் விதிக்கப்பட்ட கண்ணாடி வரி எடையை அடிப்படையாகக் கொண்டிருந்ததால், கனத்த ஈயக் கண்ணாடிக்கு அது பெரும் தடை. 1845இல் அவ்வரி நீக்கப்பட்டதும் பர்மிங்காம் பட்டறைகள் அளவில் வரம்பற்ற விளக்குகளைச் செய்யத் தொடங்கின. 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் 27 அடி உயரக் கண்ணாடி நீரூற்றை நிறுவிய எஃப். அண்டு சி. ஓஸ்லர் நிறுவனம் இவற்றுள் முதன்மையானது. 1840களிலேயே அது கல்கத்தாவில் விற்பனைக்கூடம் திறந்திருந்தது. பிரிக்கப்பட்ட பாகங்களாகப் பெட்டிகளில் கப்பலேறி வந்த சரவிளக்குகள் இங்கே மீண்டும் பூட்டப்பட்டன.

இந்தப் பொருளை இந்திய மொழிகள் ஏற்றுக்கொண்ட விதம் கவனத்திற்குரியது. ஐரோப்பியப் பெயர் மெழுகுவத்தியைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. எரிவது எதுவோ அதுவே பெயராயிற்று. இந்திய மொழிகளோ தோற்றத்தைப் பெயராக்கின. இந்தி, உருது வழக்கில் ‘ஜாட்’ என்றால் புதர். கிளைவிட்டுப் பரவிய கண்ணாடிப் புதரும் அதே பெயரைப் பெற்றது. வங்கத்தில் அது ‘ஜாட்பாத்தி’, அதாவது புதர்விளக்கு. மராத்தியின் ‘ஜும்பர்’, குஜராத்தியின் ‘ஜும்மர்’ ஆகியவை ‘ஜூமர்’ என்னும் தலையணியின் பெயரோடு உறவுடையவை. தனியாகத் தொங்கும் குடுவை விளக்கு, பானையின் பெயரால் ‘ஹாண்டி’ ஆயிற்று. தமிழில் பூச்சரமும் மணிச்சரமும் தந்த ‘சரம்’ விளக்குக்கும் பொருந்தி, ‘சரவிளக்கு’ என நிலைத்தது. புதர், தலையணி, பானை, சரம் ஆகிய நான்கு பெயர்களிலும் சுடர் இல்லை. இவை கண்ணுக்கான பொருளுக்கு இடப்பட்ட பெயர்கள். உணவுக்கு வெளிச்சம் தருவது என்ற பயன் பெயரில் எங்கும் பதியவில்லை.

அந்தப் பயன் உண்மையிலேயே கடினமானது என்பதைச் சிறு கணக்கு ஒன்று காட்டும். ஒரு மெழுகுவத்தி ஏறத்தாழ 12 லூமென் ஒளியைத் தரும். அதே வேளையில் ஏறத்தாழ 80 வாட் வெப்பத்தை வெளியிடும். 60 மெழுகுவத்திகள் ஏந்திய பெரிய சரவிளக்கின் மொத்த ஒளி இன்றைய 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்றின் ஒளிக்குக் கூட முழுதாக எட்டாது. அது வெளியிடும் வெப்பமோ இரண்டு கிலோவாட் அறைச் சூடேற்றிகள் இரண்டை ஒருங்கே இயக்குவதைவிடவும் மிகுதி. இங்கிலாந்தின் குளிர்கால விருந்தில் அந்த வெப்பம் வரமாக இருந்திருக்கும். மே மாதக் கல்கத்தாவிலோ சென்னையிலோ, மூடிய உடைகளில் மேசையைச் சுற்றி அமர்ந்த இருபது பேரின் தலைக்கு மேல் அது தண்டனை. மெழுகும் அந்த வெக்கையில் நிமிர்ந்து நிற்பதில்லை. ஆகவே பல வீடுகளில் மெழுகுக்கு மாற்றாகக் கண்ணாடிக் கிண்ணத்தில் நீரின்மேல் தேங்காயெண்ணெய் ஊற்றித் திரியிட்டனர். அந்த எண்ணெயும் 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும் என்பது வடநாட்டுக் குளிர்காலத்தின் சங்கடம்.

வெப்பத்துக்கு மாற்றுக் காற்று. பங்கா என்னும் சொல் சிறகைக் குறிக்கும் ‘பங்க்’ என்பதன் வழியில் வந்தது. முதலில் கைவிசிறிக்கே வழங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவில் பரவிய தொங்கு பங்கா, மரச்சட்டத்தில் துணி போர்த்தி, கீழ் விளிம்பில் கொசுவம் வைத்து, கூரையிலிருந்து கயிறுகளால் தொங்கவிடப்பட்டது. அதன் இழுகயிறு சுவரில் இட்ட துளை வழியாகத் தாழ்வாரத்துக்குச் செல்லும். அங்கே அமர்ந்த ஒருவர் அதை இழுத்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உணவறைப் பங்கா மேசையின் நீளத்துக்கே அமைந்தது; மேசைக்கு நேர் மேலே, உண்பவரின் தலைக்குச் சற்று உயரத்தில் ஆடியது. சரவிளக்குக்கு உரியதாக இன்று கருதப்படும் இடம் முழுவதையும் அது எடுத்துக்கொண்டது.

விளக்கும் காற்றும் ஒன்றையொன்று பொறுத்துக்கொள்வதில்லை. விளக்கு மிகுந்தால் வெப்பம் மிகும். வெப்பம் மிகுந்தால் பங்கா வேகமாக ஆட வேண்டும். பங்கா ஆடினால் சுடர் அணையும். இந்தச் சுழலிலிருந்து விடுபட, வெளிச்சம் கூரையை விட்டு இறங்கிச் சுவருக்கும் மேசைக்கும் வந்தது. 1886இல் ஹென்றி யூலும் ஏ. சி. பர்னெலும் வெளியிட்ட ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதி இதற்கு நல்ல சான்று. ஆங்கிலோ இந்திய வழக்குச் சொற்களைத் தொகுத்த அந்நூல் மேசைக்கும் சுவருக்குமான ‘ஷேட்’ என்பதைத் தனிச் சொல்லாகப் பதிவு செய்கிறது. இங்கிலாந்தில் விளக்கின் ‘ஷேட்’ கண் கூசாதபடி ஒளியைத் தணிப்பது. இந்தியாவில் அதே சொல் சுடரைக் காற்றிலிருந்து காக்கும் தெளிந்த கண்ணாடிக் கவிப்பைக் குறித்தது. ஒன்று ஒளியை மறைக்க, மற்றொன்று ஒளியைக் காக்க. கடல் கடந்து வந்த ஒரு சொல்லின் பொருளைப் பங்காவின் காற்றே திருப்பிவிட்டது எனலாம். தஞ்சையில் நீதிபதியாகப் பணியாற்றி, அரண்மனையின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை செய்த பர்னெலுக்கு, அந்தக் காற்று நூலறிவு மட்டுமாக இருந்திருக்காது.

சரவிளக்குச் செய்தோரும் இந்த நெருக்கடிக்கு விடை தேடினர். இந்தியாவுக்கென்று வந்த பல சரவிளக்குகளில் ஒவ்வொரு கையிலும் ஒரு கண்ணாடிக் கவிப்பு பொருத்தப்பட்டிருந்தது. ஆயினும் தாழ்ந்த கூரையும் ஆடும் பங்காவும் உள்ள உணவறையில் அது முழுத் தீர்வாகவில்லை. சரவிளக்கு நிலைபெற்றது உயரமும் பரப்பும் மிகுந்த கூடங்களில்: தர்பார் மண்டபங்கள், நடன அரங்குகள், இசைக்கூடங்கள். ஹைதராபாத் சௌமகல்லா அரண்மனையின் தர்பார் மண்டபத்தில் 19 சரவிளக்குகள் தொங்குகின்றன. குவாலியரில் 1874இல் எழுந்த ஜெய்விலாஸ் அரண்மனையின் தர்பார் மண்டபத்தில் உள்ள இரண்டும் ஒவ்வொன்றும் மூன்றரை டன் எடை கொண்டவை. கூரை தாங்குமா எனச் சோதிக்கப் பத்து யானைகளை மேலேற்றினர் என்று சொல்வதுண்டு. அதே அரண்மனையின் உணவுக்கூடத்துக்குப் புகழ் தேடித்தந்ததோ மேசைமீது ஓடி மதுக்குப்பிகளைச் சுமந்து சென்ற வெள்ளி ரயில். சத்யஜித் ரேயின் ‘ஜல்சாகர்’ (1958) படத்தில் வீழும் ஜமீன்தாரின் சரவிளக்கு தொங்குவதும் இசைக்கூடத்தில்தான். நூற்றொருவர் அமரும் மேசைக்கு மேல் சரவிளக்குகள் தொங்கும் ஹைதராபாத் ஃபலக்னுமா அரண்மனையின் உணவுக்கூடம் போன்றவை உண்டு. அவை அளவாலும் செல்வத்தாலும் விதிவிலக்குகள். பங்களாக்களுக்கு அவற்றை அளவுகோலாக்க முடியாது.

பங்காவின் கயிற்றைப் பிடித்திருந்தவரைப் பற்றிப் பேசாமல் இந்த வரலாறு முழுமை பெறாது. கோடை முழுவதும் பகலும் இரவும் முறைவைத்து இழுக்கும் வேலை அது. கை ஓய்ந்தால் கயிற்றைக் கால்விரலில் கட்டிக்கொண்டு படுத்தபடி இழுத்தவர்களின் படங்கள் ஏராளம். ஆங்கிலோ இந்திய எழுத்துகளில் அவர் பெரும்பாலும் தூங்கிவிடும் வேடிக்கைப் பாத்திரமாகவே வருகிறார். நீதிமன்ற ஆவணங்கள் காட்டும் முகம் வேறு. காற்று நின்றதற்காக உதைபட்டு இறந்த பங்கா இழுப்போரின் வழக்குகள் அவற்றில் உள்ளன. மலேரியாவால் வீங்கிய மண்ணீரல் எளிதில் வெடித்துவிடும் என்ற வாதத்தால் ஐரோப்பியர் பலர் சிறு தண்டனையோடு தப்பியதை எலிசபெத் கோல்ஸ்கி 2010இல் வெளியான தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். விருந்து மேசையின் குளிர்ந்த காற்று சுவருக்கு அப்பால் ஓர் உடலிலிருந்து வந்தது. உண்பவர் அந்த உடலைக் காணாதபடி சுவர் மறைத்தது. கயிறு செல்லும் துளை மட்டுமே இருபுறத்தையும் இணைத்தது.

இந்த ஏற்பாட்டை மாற்றியது மின்சாரம். 1880களில் அமெரிக்காவில் ஃபிலிப் டீல் மின்மோட்டாரைக் கூரை விசிறியாக்கினார். பின்னர் அதிலேயே விளக்கையும் பொருத்தினார். கல்கத்தாவில் 1899இல் மின்வழங்கல் தொடங்கியது. மைசூரில் 1908இல் மின்விளக்குகள் வந்தன. மின்விளக்கின் இழை கண்ணாடிக்குள் அடைபட்டிருப்பதால் காற்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை. சுடருக்கும் காற்றுக்கும் இருந்த நூறாண்டுப் பகை முடிந்தது. சரவிளக்கு உணவறைக்குள் தடையின்றி நுழையக்கூடிய நிலை இந்தியாவின் பெரும்பகுதியில் உண்மையில் இருபதாம் நூற்றாண்டுக்கு உரியது. பங்கா இழுப்பவர் அப்போதும் உடனே மறையவில்லை. மின்கம்பி எட்டாத கச்சேரிகளிலும் பங்களாக்களிலும் அவர் பல்லாண்டுகள் தொடர்ந்தார்.

ஆகவே இன்று ஒருவர் ‘பாரம்பரிய’ உணவறைக்கு விளக்குத் தேர்ந்தெடுக்கும்போது, இரண்டு வேறு மரபுகள் கலந்துவிடுகின்றன. மேசை அகலத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு விட்டம், மேசைப் பரப்புக்கு மேல் 30 முதல் 36 அங்குல இடைவெளி என்று விளக்குப் பட்டியல்கள் தரும் அளவுகள், மேசைக்கு மேல் விசிறி இல்லாத நாடுகளில் பிறந்தவை. இந்தியக் குடியிருப்புகளின் கான்கிரீட் கூரையிலோ நடுவில் விசிறிக் கொக்கி பதிக்கப்பட்டிருக்கிறது. பங்காவின் இடத்தை விசிறி மரபுரிமையாகப் பெற்றதன் அடையாளம் அது. மேசை ஒருபுறம், கொக்கி ஒருபுறம் என்று தடுமாறும் வீட்டார், கல்கத்தாப் பங்களாக்கள் எதிர்கொண்ட அதே வினாவையே எதிர்கொள்கின்றனர்.

வீட்டார் தம் விருப்பம்போல் தேர்ந்துகொள்ளலாம். வரலாற்றைக் காட்சிப்படுத்துவதாகச் சொல்லும் இடங்களுக்கு அந்த உரிமை அவ்வளவு எளிதாக இல்லை. பங்கா தொங்கிய இடத்தில் சரவிளக்கைத் தொங்கவிடும்போது ஒரு பொருள் மட்டும் மாறவில்லை; அதை இயக்கிய உழைப்பும் அறையிலிருந்து நீக்கப்படுகிறது. சீரமைப்பின்போது பூசி மூடப்படும் சுவர்த் துளைதான் அங்கே ஒருவர் இருந்ததற்கான சான்று. அதை மூடாமல் விட்டு, அருகில் இரண்டு வரி எழுதிவைப்பதற்குச் செலவு மிகக் குறைவு. புதிதாகத் தொங்கும் சரவிளக்கிலும் ஒரு சான்று எஞ்சியிருக்கக் காணலாம். அணைய வழியில்லாத மின்விளக்கைச் சுற்றி, ஒவ்வொரு கையிலும், காற்றைத் தடுக்கவென்றே பிறந்த அந்தக் கண்ணாடிக் கவிப்பு இன்னும் இருக்கிறது.