மிஸ்டர் ஸ்டட்டும் வெறும் பீட்டும்



ஐபிஎல் ஏலம் வரும்போதெல்லாம் "அந்தக் காலத்தில் காசுக்கா ஆடினார்கள்? ஆசைக்கு ஆடினார்கள்" என்று யாராவது பெருமூச்சு விடுவது வழக்கம். அப்படி ஆசைக்கு ஆடிய ஒருவரின் கதையை இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

பெயர் சார்லஸ் தாமஸ் ஸ்டட். 1860 டிசம்பரில் இங்கிலாந்தில் பிறந்தவர். ஈட்டன் பள்ளியிலும், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியிலும் படித்தார். அண்ணன்கள் கைனஸ்டன், ஜார்ஜ் இருவரும் கிரிக்கெட் வீரர்கள். 1882-ல் ஜார்ஜ், 1883-ல் சார்லஸ், 1884-ல் கைனஸ்டன் என்று மூன்று வருடம் தொடர்ந்து கேம்பிரிட்ஜ் அணியின் கேப்டன் பதவி ஒரே வீட்டில் இருந்தது.

1882-ல் ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்து வந்தது. அவர்களைக் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் தோற்கடித்தார்கள். அதில் சார்லஸ் அடித்தது 118. பிறகு எம்சிசி அணிக்காக அதே ஆஸ்திரேலியர்களுக்கு எதிராக இன்னொரு சதம். அந்த ஒரே சீசனில் 1000 ரன்னும் 100 விக்கெட்டும் எடுத்தார். அதற்கு முன் அதைச் செய்திருந்தவர் டபிள்யூ. ஜி. கிரேஸ். ஸ்டட்டுக்கு அப்போது வயது 21.

ஆகஸ்ட் 28, 29 தேதிகளில் லண்டன் ஓவல் மைதானத்தில் டெஸ்ட். ஆஸ்திரேலியா 63, இங்கிலாந்து 101, மறுபடி ஆஸ்திரேலியா 122. கணக்குப் போட்டுப் பாருங்கள், இங்கிலாந்து ஜெயிக்க வேண்டியது வெறும் 85. இரண்டு விக்கெட்டுக்கு 51 என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் ஸ்பாஃபோர்த் பிடித்துக்கொண்டார். அந்த ஆட்டத்தில் அவர் எடுத்தவை மொத்தம் 14 விக்கெட். பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் பதற்றத்தில் தன் குடையின் கைப்பிடியையே கடித்துத் தின்றார் என்று கதை சொல்வார்கள்!

கேப்டன் ஹார்ன்பி வரிசையை மாற்றி, ஸ்டட்டைப் பத்தாவது ஆளாக நிறுத்தி வைத்திருந்தார். அவர் இறங்கும்போது ஸ்கோர் 75. அதே 75-ல் எதிரே இருந்தவர் அவுட். கடைசி ஆளாக வந்தவர் டெட் பீட். இன்னும் 10 ரன் வேண்டும். பீட் ஓங்கி அடித்து 2 ரன் எடுத்தார். மறுபடி ஓங்கினார், ஸ்டம்பு பறந்தது. 7 ரன்னில் தோல்வி. அந்த சீசனில் ஆஸ்திரேலியர்களை இரண்டு முறை சதமடித்து விரட்டியவர், ஒரு பந்துகூடச் சந்திக்காமல் மறுமுனையில் நின்றுகொண்டிருந்தார். ஸ்கோர் அட்டையில் அவருக்கு 0, நாட் அவுட்.

"நீ தட்டிவிட்டு ஸ்டட்டை ஆட விட்டிருக்கலாமே?" என்று பீட்டைக் கேட்டார்களாம். "மிஸ்டர் ஸ்டட் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை" என்றாராம் பீட். முதல் இன்னிங்ஸில் ஸ்டட்டும் ரன் எடுக்காமல்தானே போயிருந்தார்!

இந்தப் பதிலைக் கேட்டு நூறு வருடத்துக்கும் மேலாக எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் கவனிக்கச் சொல்வது அதிலுள்ள "மிஸ்டர்" என்ற சொல்லை. நம்பிக்கை இல்லை என்று சொல்லும்போதுகூட அந்த மரியாதையை பீட்டால் விட முடியவில்லை.

காரணம் இதுதான். ஸ்டட் அமெச்சூர், அதாவது கூலி வாங்காமல் ஆடும் கனவான். பீட் தொழில் ஆட்டக்காரர். யார்க்ஷயர்க்காரர், சுழற்பந்து வீசி வயிறு வளர்த்தவர். ஒரே அணிதான், ஆனால் பல மைதானங்களில் உடை மாற்றும் அறை வேறு, உள்ளே வரும் வாசலும் வேறு. ஸ்கோர் அட்டையில் ஒருவர் "மிஸ்டர் சி. டி. ஸ்டட்", இன்னொருவர் வெறும் "பீட்". நம் வருகைப் பதிவேட்டில் ஏழை பணக்காரன் எல்லாருக்கும் இனிஷியல் உண்டு. அங்கே இனிஷியல் ஒரு அந்தஸ்து. இந்தப் பிரிவினையை இங்கிலாந்து கிரிக்கெட் கைவிட்டது 1962-ல்தான் என்றால் நம்புவீர்களா?

அந்தத் தோல்விக்குப் பிறகுதான் ஒரு பத்திரிகை ஆங்கிலேய கிரிக்கெட்டுக்கு வேடிக்கையாக இரங்கல் செய்தி போட்டது. உடலை எரித்துச் சாம்பலை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டு போவார்கள் என்று எழுதியது. ஆஷஸ் பிறந்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்தச் சாம்பலை மீட்கிறேன் என்று அதே குளிர்காலத்தில் ஐவோ பிளை புறப்பட்டார். அவரும் கேம்பிரிட்ஜ்காரர். 8 அமெச்சூர், 4 தொழில் ஆட்டக்காரர் கொண்ட அணி. ஸ்டட் சகோதரர்கள் இருவர் அதில் இருந்தார்கள். முதல் டெஸ்டில் தோற்று அடுத்த இரண்டையும் வென்றார்கள். பிளைக்குக் கிடைத்த சின்னஞ்சிறு தாழியின் மேல் ஒட்டியிருக்கும் பாட்டில் ஸ்டட் என்ற பெயர் இன்றும் இருக்கிறது.

1883-ல் மறுபடியும் 1000 ரன், 100 விக்கெட். 1884-ல் அண்ணன் ஜார்ஜ் கடுமையாக நோயுற்றார். இந்தப் புகழெல்லாம் என்ன மிஞ்சும் என்ற கேள்வி சார்லஸ் மனதைப் பிடித்துக்கொண்டது. 1885 பிப்ரவரியில், 24 வயதில், மட்டையைக் கீழே வைத்துவிட்டு ஆறு நண்பர்களோடு சமயப் பணிக்குச் சீனா போய்விட்டார். 5 டெஸ்ட், 160 ரன். அவ்வளவுதான் அவருடைய டெஸ்ட் வாழ்க்கை. அப்பா விட்டுச்சென்ற சொத்தில் அவர் பங்கு சுமார் 29,000 பவுண்டு. அதையும் தானமாகக் கொடுத்துவிட்டார்.

"எவ்வளவு பெரிய துறவு!" என்று தோன்றும். எனக்கும் தோன்றுகிறது. ஆனால் வரலாற்றுப் பாடத்தில் நான் உங்களை எப்போதும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டே: இதற்குக் காசு எங்கிருந்து வந்தது?

அப்பா எட்வர்ட் ஸ்டட் நம் நாட்டில், வட பீகாரின் திர்ஹுத் பகுதியில், அவுரித் தோட்டம் வைத்துப் பணக்காரரானவர். பின்னாளில் 1917-ல் காந்தியடிகள் போராடிய சம்பாரண் அந்த வட்டாரம்தான். அங்கே விவசாயி தன் நிலத்தில் 20-ல் 3 பங்கை, விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வெள்ளைக்காரருக்காக அவுரிக்கு ஒதுக்க வேண்டும் என்ற முறை இருந்தது. ஈட்டனும் கேம்பிரிட்ஜும் கூலி வாங்காத கிரிக்கெட்டும் அவுரிப் பணத்தில்தான் நடந்தன. சும்மா ஆட முடிந்தது. சும்மா விடவும் முடிந்தது.

பீட்டால் அப்படி விட முடியுமா? அதே ஓவல் ஆட்டத்தில் 8 விக்கெட் எடுத்தவர் அவர். ஆனால் நினைவில் நின்றது அந்த ஒரு வீச்சுதான். குடிப்பழக்கத்தால் 1887-ல் யார்க்ஷயர் அணி அவரை விலக்கியது. 45 வயதில் இறந்துபோனார்.

அதே 1900-ல் ஸ்டட் நம் ஊட்டிக்கு வந்தார். 1906 வரை யூனியன் சர்ச்சில் போதகராக இருந்தார். பிறகு காங்கோ போனார். மனைவி பிரிசில்லா இங்கிலாந்தில் இருந்தபடி அவர் பணிக்கு ஆதரவு திரட்டினார். கடைசிப் பல வருடங்கள் இருவரும் பிரிந்தே வாழ்ந்தார்கள். 1931-ல் காங்கோவிலேயே ஸ்டட் காலமானார்.

ஸ்டட்டைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. இருந்ததைக் கொடுத்துவிட்டுப் போன மனிதர், அவர் வகுப்பில் அப்படிச் செய்தவர்கள் மிகக் குறைவு. ஆனால் "காசுக்கு ஆடாத காலம்" என்று நாம் ஏங்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது. அந்தக் காலத்தில் ஆசைக்கு ஆடியவர் பெயருக்கு முன்னால் "மிஸ்டர்" இருந்தது. உழைத்து ஆடியவருக்கு இனிஷியல்கூட இல்லை. இன்று ஒரு ஆட்டோ ஓட்டுநரின் மகன் பந்து வீசிச் சம்பாதித்துத் தன் குடும்பத்துக்கு வீடு கட்டுகிறான் என்றால், அது ஆட்டம் கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை. பீட்டுக்கு நியாயம் கிடைத்ததற்கு அடையாளம்.

உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். மாற்றுக் கருத்து என்றாலும் சரிதான், வகுப்பில் போலவே கையைத் தூக்கிவிட்டுச் சொல்லுங்கள்!