பனிவெளியில் வழித்துணை



காவலூரில் வாழும் நமக்கு மார்கழிப் பனி புதிதல்ல. இரவெல்லாம் கூரை நனையும். வெயில் ஏறியதும் மறைந்துவிடும். உறைந்து கிடக்கும் பனியோ வேறு. அப்படிப்பட்ட பனியில் திபெத்தைக் குளிர்காலத்தில் கடந்து, பிற்காலத்தில் தமிழ் மண்ணுக்கும் வந்த ஒரு குருவை இன்று நினைவுகூர்வோம்.

அவர் பெயர் இப்போலித்தோ தெசிதேரி. இத்தாலியின் பிஸ்தோயா நகரில் 1684-ல் பிறந்த இயேசு சபைக் குரு. போர்த்துக்கீசியரான மனுவேல் பிரெய்ரே அடிகளாருடன் காஷ்மீர் வழியாகப் புறப்பட்டு, 1715 ஜூனில் லடாக்கின் லே நகரை அடைந்தார். அங்கிருந்து லாசாவுக்குச் செல்ல வேண்டும். ஊர்கள் அரிதான பீடபூமி, குளிர்காலமோ நெருங்கிக்கொண்டிருந்தது. வழியும் தெரியாது, மொழியும் சரியாகத் தெரியாது.

அந்த நேரத்தில் அவர்களுக்குக் கை கொடுத்தவர் ஒரு மங்கோலிய இளவரசி. மேற்குத் திபெத்தில் படைத்தலைவராயிருந்த கணவர் இறந்தபின், படையைத் தாமே நடத்தியவர். அவர் புத்த சமயத்தவர். லாசாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த தம் கூட்டத்தில் இரு குருக்களையும் சேர்த்துக்கொண்டார். கயிலை மலை, மானசரோவர் ஏரி வழியாகப் பல மாதப் பயணம். சாணமே விறகு, பனித்தரையே படுக்கை. ஒருநாள் பிரெய்ரே அடிகளார் குதிரை சோர்ந்து விழ, பனியில் பின்தங்கிவிட்டார். இளவரசி ஆளனுப்பித் தேடச் செய்ததால் உயிர் பிழைத்தார். 1716 மார்ச் 18-ல் லாசா வந்து சேர்ந்தார்கள்.

தெசிதேரி அங்கே ஐந்து ஆண்டுகள் தங்கித் திபெத்திய மொழியைக் கற்று, அம்மொழியிலேயே நூல்கள் எழுதினார். புத்த மடத்தில் தங்கி அவர்களுடைய நூல்களையும் பயின்றார். பின்னர் தென்னிந்தியாவின் கர்நாடக மறைத்தளத்துக்கு வந்து தமிழ் கற்றார். 1727 ஜனவரியில் புதுச்சேரியிலிருந்து கப்பலேறியபோது, நம் புனித அருளானந்தரை அருளாளர் நிலைக்கு உயர்த்துவதற்கான ஆவணங்களை உரோமைக்குக் கொண்டுசென்றவரும் இவரே.

அன்பர்களே, நற்செய்தியைக் கொடுக்கப் போனவர் முதலில் வாங்குபவராக இருந்தார் என்பதைக் கவனிப்போம். அவர் வாய்திறந்து போதிக்கும் முன்பே, நம் மறையை அறியாத ஒரு கைம்பெண் அந்நியருக்கு இடமளித்தார். இறுதித் தீர்ப்பு நாளில் ஆண்டவர் நம்மிடம் கேட்கப்போவதும் அதைத்தானே?

ஆயினும், பனியில் பிரெய்ரேயைத் தேடிப்போன ஆட்களின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. நம் மலையிலும் இதே கதைதான். எந்தக் குரு எந்த ஆண்டு வந்தார் என்று சொல்கிறோம். அவருக்குக் காட்டுவழி காட்டியவர், பெட்டியைச் சுமந்தவர், காய்ச்சலில் கிடந்தபோது சாமைக் கஞ்சி கொடுத்தவர் யார்? அவர்களில் பலர் நம் ஆலயத்துக்குள் கால் வைத்ததே இல்லை.

அவர்களை அறிந்த முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இவ்வாரம் ஒவ்வொரு அன்பியமும் அவர்களிடம் சென்று, அந்தப் பெயர்களைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதுவோம். வரும் ஞாயிறு திருப்பலியில், எந்தச் சமயத்தவராயினும், அவர்களைப் பெயர் சொல்லி நன்றியோடு நினைப்போம்.